வறள் வலய வளவிற் சாடிப் பழமரச் செய்கை

மன்னார்த் தீவிலும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் கரையோரங்களிலும் வீட்டு வளவில் நட்ட பழமரக் கன்று மூன்றாம் நான்காம் ஆண்டிற் பட்டுப்போவது புதுமையன்று. கன்று முதலிரு ஆண்டும் செழித்து வளரும். பின்னர் வேர் கீழிறங்கி உவர்நீரையோ சுண்ணக்கற் பாறையையோ தொட்டதும் இலைநுனி கருகும், நுனிக்கிளை காயும், அடுத்த ஆவணிக்குள் மரம் விறகாகிவிடும். இத்தகைய நிலத்திற் குழியை எவ்வளவு அகலமாகத் தோண்டினாலும் எவ்வளவு எருவிட்டாலும் முடிவு பெரும்பாலும் ஒன்றே. மரத்தை நிலத்தினின்றும் பிரித்து, சாடியில் வைத்து, அதன் வேருக்கு வேண்டிய மண்ணைக் கமக்காரரே அமைத்துக் கொடுப்பது இதற்கு ஒரு வழியாகும்.

நல்ல செம்மண்ணும் நன்னீர்க் கிணறும் உள்ளவர்க்கு இம்முறை வேண்டியதன்று. நிலத்தில் நின்ற மரம் தன் நீரில் ஒரு பகுதியைத் தானே தேடிக்கொள்ளும். சாடி மரம் ஒவ்வொரு துளி நீருக்கும் மனிதர் கையையே நம்பியிருக்கும். உவர் நிலத்தார், பாறை மேலெழுந்த வளவுடையோர், சிறு காணியில் மீளக் குடியேறியோர், வாடகை வீட்டில் இருப்போர் ஆகியோருக்கே இது ஏற்றது. இவர்கட்குங் கூட இரண்டு மூன்று மரங்களோடு தொடங்குதல் நன்று. பத்துச் சாடிகளை ஒருங்கே வைத்து ஆடி மாதத்தில் நீரூற்ற இயலாது கைவிடுவதிலும், இரண்டை வைத்து இரண்டையும் காப்பாற்றுவது மேல்.

பாலைநிலத்து வழக்கம்

சாடியிற் பழமரம் வளர்க்கும் வழக்கம் மெய்யான பாலைநிலங்களில் இன்று பெரிதும் பரவியுள்ளது. ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள பீனிக்சு நகரில் ஆண்டு மழை ஏறக்குறைய 180 மில்லிமீற்றர் மட்டுமே. அங்கு 2023 ஆம் ஆண்டு யூன் 30 முதல் யூலை 30 வரை தொடர்ந்து 31 நாட்கள் வெப்பநிலை 43 பாகை செல்சியசைத் தொட்டது அல்லது அதனைத் தாண்டியது. அவ்வாறான ஊரிலும் வீட்டுக் கொல்லையிற் குட்டைத் தோடை, எலுமிச்சை, அத்தி, மாதுளை என்பன சாடியில் வளர்க்கப்படுகின்றன. பிற்பகல் நிழல், வெண்ணிறம் பூசிய அடிமரம், வெயில் படாத சாடிப் பக்கம், இடையிடையே உப்பைக் கழுவிவிடும் பெருநீர் ஆகிய நான்குமே அவ்வளர்ப்புக்கு ஆதாரமாகும்.

மன்னாரில் ஆண்டு மழை ஏறக்குறைய 1000 மில்லிமீற்றர். பாலைநிலத்தோடு ஒப்பிடின் இது பெருஞ் செல்வமே. ஆயினும் அதன் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்து தீர்ந்துவிடுகின்றது. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை, யாழ்ப்பாணத்திற் சோளகம் என்றும் மட்டக்களப்பிற் கச்சான் என்றும் வழங்கும் தென்மேற் காற்று இடைவிடாது வீசி மண்ணையும் இலையையும் உலர்த்தும். ஆகவே ஆண்டில் ஐந்து மாதம் நமது வளவும் பாலைநில வளவே. பாலைநிலத்தாரிடம் கற்கவேண்டியதை அந்த ஐந்து மாதங்களுக்காகக் கற்றுக்கொள்ளல் தகும்.

மரத்தைத் தெரிதல்

குட்டை மரம் என்பது இருவகைப்படும். இயல்பிலேயே குட்டையாகும் வேர்க்கட்டையில் ஒட்டப்பட்டது ஒருவகை. மற்றையது, சாடியில் வேர் ஒடுங்குவதாலும் கவாத்தினாலும் சிறிதாக நிறுத்தி வைக்கப்படுவது. தோடையினத்தைக் குறுக்குவதற்குப் பிறநாடுகளில் முவ்விலைத் தோடை எனும் வேர்க்கட்டை பெரிதும் கையாளப்படுகின்றது. ஒவ்வோர் இலையும் மூன்று சிற்றிலைகளாகப் பிரிந்திருத்தல் அதன் அடையாளம். குளிருக்கு அஞ்சாத இம்மரம் உவர்நீருக்கும் சுண்ணாம்பு மண்ணுக்கும் அஞ்சும். இரும்புச்சத்தை எடுக்கமாட்டாது இலை வெளிறிப்போகும். குடாநாட்டுக் கிணற்றுநீர் சுண்ணக்கல்லின் ஊடாக வருவதாதலால், குட்டையாகும் என்ற ஒரு காரணத்துக்காக அக்கட்டையை நாடுதல் தவறு. உவரைத் தாங்குவதில் இரங்கபூர்த் தேசியும் கிளியோப்பாத்திரா நாரத்தையும் மேம்பட்ட வேர்க்கட்டைகளாம். அவை மரத்தை அத்துணை குறுக்கமாட்டா. அவ்வேலையைச் சாடியும் கத்தரியும் செய்துகொள்ளும்.

எம்மரத்தை முதலில் வைப்பது? கிணற்றுநீர் சற்று உவர்த்திருப்பின் மாதுளையே முதலாவது. மாதுளையும் அத்தியும் தோடையினத்திலும் கூடிய உப்பைப் பொறுக்கும். நீர் நன்றாயின் தேசி. வறட்சி மாதங்களிற் சந்தையிலே தேசிக்காய் விற்கும் விலையை அறிந்த எவரும் முன்றலில் ஒரு தேசிமரம் நிற்பதன் பெறுமதியை எடுத்துக்கூறாமலே உணர்வர். கொய்யா எளிதிற் காய்க்கும். ஆனால் நீரைக் கூடுதலாகக் குடிக்கும். அன்னமுன்னா வறட்சியில் இலையுதிர்த்துத் தன்னைக் காத்துக்கொள்ளும். மாமரத்தைச் சாடியில் வைத்தல் பெரும்பாலும் ஏமாற்றத்திலேயே முடியும். பலா, விளா முதலிய பெருமரங்களைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

விதையில் முளைத்த கன்றைச் சாடிக்குக் கொள்ளலாகாது. விதைத்தேசி காய்ப்பதற்கு ஐந்தாறு ஆண்டும் அதற்கு மேலும் செல்லும், முள்ளும் மிகும். ஒட்டுக்கன்று இரண்டு மூன்று ஆண்டிலும், பதியக்கன்று சிலவேளை அதற்கு முன்னரும் காய்க்கும். பதியக்கன்றுக்கு ஆணிவேர் இல்லை. ஆதலாற் சோளகத்தில் அது சாய்ந்துவிடாதிருக்க இரண்டாண்டுக்கு ஒரு முட்டுத்தடி வேண்டும். ஒட்டுக்கன்றில் ஒட்டிய இடம் மண்ணுக்கு மேல் ஒரு சாணளவு நிற்கவேண்டும். அதற்குக் கீழே துளிர்ப்பதை உடனுக்குடன் கிள்ளி எறிதல் அவசியம். அதனை விட்டுவிடின் வேர்க்கட்டையின் துளிர் மேலோங்கி, வாங்கிய தோடை மடிந்து, முள்ளும் புளிப்புமான வேறொன்று சாடியில் நிற்கும். கன்று விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று அப்போது குறைகூறுவோர் பலர். பிழை பெரும்பாலும் கிள்ளாத கையினதே.

சாடியும் அதன் இடமும்

200 இலீற்றர்ப் பரல் ஒன்றைக் குறுக்காக இரண்டாக வெட்டினால் நூறு இலீற்றர் கொள்ளும் இரண்டு சாடிகள் கிடைக்கும். தேசிக்கும் மாதுளைக்கும் இது போதிய அளவு. கிருமிநாசினி, களைநாசினி அடைத்த பரலை எக்காரணங்கொண்டும் பயன்படுத்தலாகாது. எத்தனை முறை கழுவினாலும் அது உணவுப்பயிருக்கு ஆகாது. சீமெந்துத் தொட்டி நெடுநாள் உழைக்கும். புதுச் சீமெந்திலிருந்து சுண்ணாம்பு கசியும் என்பதனால், அதனை ஒரு கிழமை நீர்நிறைத்து வைத்து, இரண்டொரு முறை நீரை மாற்றிய பின்னரே மண்ணிடல் வேண்டும்.

அடியில் விரற்கடை அகலத் துளைகள் ஆறேனும் இடுக. பக்கத்தில், அடிக்கு இரண்டு விரல் மேலே, இன்னும் மூன்று துளைகள் இடுதல் நன்று. சாடியை மூன்று செங்கற்களின் மீது ஏற்றி வைத்தால் நீர் தடையின்றி வழியும். கறையானும் எளிதில் ஏறாது. ஈர மண்ணோடு கூடிய நூறு இலீற்றர்ச் சாடி நூற்றைம்பது கிலோகிராம் வரை நிறைகொள்ளும். ஆதலால் இடத்தை முன்னரே தெரிந்து, அங்கேயே வைத்து மண் நிரப்புக. நிரப்பிய பின் நகர்த்த முயன்று சாடியையும் முதுகையும் உடைத்துக்கொள்வானேன்?

இடம் வீட்டின் கிழக்குப் புறமாக இருத்தல் மிகநன்று. காலை வெயில் முழுவதும் கிடைக்கும். நண்பகலுக்குப் பின் சுவரின் நிழல் சாடியின்மேல் விழும். வேர் இலையைப்போல வெப்பத்தைத் தாங்குவதன்று. நிலத்தில் ஓரடி ஆழத்தில் மண் குளிர்ந்திருக்க, வெயிலிற் காயும் கறுப்புப் பிளாஸ்ரிக் சாடியின் மேற்குப் பக்கத்திலோ மண் 40 பாகைக்கு மேற் சூடேறிவிடும். அப்பக்கத்து வேர்கள் இறந்துபோகும். இலை வாடுவதைக் கண்ட உரிமையாளர் நீர் போதவில்லையென எண்ணி மேலும் ஊற்ற, வெந்த வேர் அழுகி மரம் இருமடங்கு விரைவில் மடியும். இதனைத் தடுக்கச் சாடியின் வெளிப்புறத்துக்குச் சுண்ணாம்பு பூசுக. பரலைச் சுற்றிக் காவோலை கட்டுதலும், பழஞ்சாக்குச் சுற்றுதலும், சிறு சாடியைப் பெரிய சாடிக்குள் வைத்து இடைவெளியை மணலால் நிரப்புதலும் ஏற்ற முறைகளே. வெயில் படும் அடிமரத்துக்கும் நீர்த்த சுண்ணாம்பைப் பூசினால் பட்டை வெடியாது.

காற்றுக்குக் கிடுகு வேலியே போதும். காற்றை முற்றாக மறிக்கும் மதில் தன் மறுபுறத்திற் சுழற்காற்றை உண்டாக்கும். இடைவெளியுள்ள கிடுகு காற்றைச் சல்லடையிட்டு மெதுவாக்கி விடும்.

மண்

மேல்மண் இரு பங்கு, நன்கு மக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு ஒரு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, அரைகுறையாய்க் கரிந்த உமி அல்லது தும்புத்தூள் ஒரு பங்கு என்ற கலவை பொருத்தமானது. நெல் விளைவிப்போர்க்கு உமிக்கரி செலவின்றிக் கிடைப்பதனால் அதனையே முதலிற் கொள்ளலாம். தும்புத்தூள், மட்டை ஊறவைத்த கரைநீரின் உப்பைத் தன்னுட் கொண்டிருப்பதுண்டு. இரண்டு மூன்று நன்னீரிற் கழுவிப் பிழிந்த பின்னரே சேர்க்க. கடற்கரை மணலும் முருகைக்கற் பொடியும் ஆகா. கோழியெருவில் உப்பு மிகுதி. அதனை நெடுநாள் மக்கவிட்டுச் சிறிதளவே கையாள்க.

சாடியின் அடியிற் கல் பரப்பி அதன்மேல் மண்ணிடுதல் நெடுநாளைய வழக்கம். நீர் எளிதில் வடியும் என்ற எண்ணத்தில் அது செய்யப்படுகின்றது. உண்மையில் நுண்ணிய மண்ணிலிருந்து பருத்த கல்லுக்குள் நீர் எளிதில் இறங்காது. மண் நிறைந்து ததும்பும் வரை கல்லின்மேலேயே தங்கிநிற்கும். கல் பரப்பியதாற் சதுப்பான மண் மேலே ஏறுவதும் வேருக்குரிய இடம் குறைவதுமே பயன். துளையை ஓர் ஓட்டுத்துண்டினால் மூடி, அடியிலிருந்தே மண் நிரப்புவது போதும். விளிம்பிலிருந்து நான்கு விரல் இறக்கி நிறுத்துக. அவ்விடம் நீர் நிற்பதற்கும் மேற்போர்வைக்கும் வேண்டும்.

நீரும் உப்பும்

சாடிச் செய்கையின் வெற்றியும் தோல்வியும் இங்கேயே நிர்ணயமாகின்றன. ஆகவே இதனைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும்.

நூறு இலீற்றர்ச் சாடியில் நிற்கும் வளர்ந்த தேசி, சோளகக் காலத்தில் நாளொன்றுக்கு ஆறு முதல் பத்து இலீற்றர் வரை நீர் கொள்ளும். எட்டு இலீற்றர் என வைத்துக்கொண்டால் நான்கு மாதத்தில், அதாவது 120 நாளில், 960 இலீற்றர். நாவுக்கு உவர்ப்புப் பெரிதும் தோன்றாத கிணற்று நீரிலும் இலீற்றருக்கு 0.6 கிராம் உப்புக் கரைந்திருத்தல் கூடும். 960 இலீற்றரில் அது ஏறக்குறைய 580 கிராம். மரம் நீரைக் குடிக்கின்றது. உப்பிற் பெரும்பகுதியை வெளியே விட்டுவிடுகின்றது. வெயில் நீரை மட்டுமே ஆவியாக்குகின்றது. ஆகவே, சாடியின் துளையால் ஒருதுளியும் வழியாதவாறு சிக்கனமாக நீரூற்றி வந்தவர், நான்கு மாதத்தின் முடிவில் தம் மரத்தின் காலடியில் அரைக் கிலோவுக்கு மேல் உப்பைக் கொட்டியவராகின்றார். அந்த அளவு உப்பை ஒரே நாளில் அள்ளிப் போட எவர்க்கும் மனம் வராது.

அறிகுறிகள் தெளிவானவை. முதிர்ந்த இலைகளின் நுனியும் ஓரமும் பழுப்பாய்க் கருகும். மண்ணின் மேலும் சாடியின் வெளிப்புறத்திலும் வெண்பொருக்குப் படியும். மண் ஈரமாய் இருக்கும்போதே இலை துவளும்.

இதனைத் தவிர்க்க, ஊற்றும் நீரில் ஐந்திலொரு பங்கு ஒவ்வொரு முறையும் அடித்துளையால் வெளியேறும்படி ஊற்றுதல் வேண்டும். நாள்தோறும் சிறிதுசிறிதாகத் தெளிப்பதிலும், ஒருநாள் விட்டு ஒருநாள் நிறைய ஊற்றி வழியவிடுதல் நன்று. கடும் வெயிலில் மட்டும் நாள்தோறும் ஊற்றலாம். இவற்றோடு, இரு கிழமைக்கொருமுறை சாடியின் கொள்ளளவுக்குச் சமமான நீரை, நூறு இலீற்றர்ச் சாடியாயின் நூறு இலீற்றரை, மெதுவாக ஊற்றி உப்பைக் கழுவிவிடுக. நீர் அருமையான ஊரில் இது ஊதாரித்தனமாய்த் தோன்றலாம். வழியும் நீரைக் கீழே வேலியோரத்துப் பனைக்கோ பூவரசுக்கோ பாயவிட்டால் அது வீணன்று.

இங்கு ஓர் ஏமாற்றத்துக்கும் இடமுண்டு. உமியும் தும்பும் கலந்த மண் ஒருமுறை நன்றாய்க் காய்ந்துவிட்டாற் சுருங்கிச் சாடியின் பக்கத்தை விட்டு விலகும். அப்போது ஊற்றும் நீர் அவ்விடைவெளியால் நேரே இறங்கித் துளையால் ஓடும். வழிந்துவிட்டது என்று மகிழ்வோர் நடுவேர்க்கட்டி சொட்டும் நனையாதிருப்பதை அறியார். ஒரு மூங்கிற் குச்சியை ஒரு சாண் ஆழம் குத்தி எடுத்துப் பார்த்தால் உண்மை வெளிப்படும். மண் காய்ந்திருந்தால் முதலிற் சிறிது ஊற்றி, அரைமணி நேரம் பொறுத்து, மீண்டும் ஊற்றுக.

சுடுமண் முட்டி ஒன்றைக் கன்று நடும்போதே சாடியிற் கழுத்தளவு புதைத்து, நீர்நிறைத்து மூடிவைத்தால், முட்டியின் சுவரால் நீர் சிறுகச் சிறுகக் கசியும். இரண்டொரு நாள் வெளியூர் செல்வோர்க்கு இது பேருதவி. எனினும் முட்டியை நம்பி மேல்நீரை முற்றாக விடலாகாது. கசியும் நீர் உப்பைக் கழுவாது. ஒதுக்கி மட்டுமே வைக்கும்.

அரிசி கழுவிய நீரும் காய்கறி கழுவிய நீரும் மரத்துக்கு ஆகும். சவர்க்கார நீர் ஆகாது.

மழைநீருக்கு இணையான நீர் வேறில்லை. ஒரு சதுர மீற்றர்க் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஓர் இலீற்றர் நீர் கிடைக்கும். நாற்பது சதுர மீற்றர் ஓட்டுக்கூரை, 1000 மில்லிமீற்றர் மழையில், இழப்பை ஐந்திலொன்றாகக் கழித்தாலும், 32,000 இலீற்றர் தரும். அதில் 5,000 இலீற்றரை ஒரு தாங்கியிற் சேர்த்து வைத்தால், ஐந்து மரங்களுக்கு நாளொன்றுக்கு எட்டு இலீற்றர் வீதம் 125 நாட்களுக்குப் போதும். வீட்டாரின் குடிநீர்த் தேவை முந்தியது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. தாங்கி சிறிதாயின், மழைநீரை உப்புக் கழுவுவதற்கென ஒதுக்கி, அன்றாட நீரைக் கிணற்றிலிருந்து கொடுக்கலாம். ஐப்பசி பிறந்ததும் சாடிகளை மறைக்கும் தட்டி யாவற்றையும் அகற்றி மழையில் நனையவிடுக. ஆண்டு முழுவதும் சேர்ந்த உப்பை மாரி கழுவிச் செல்லும்.

சாடியின் கீழே தட்டு வைத்தல் கூடாது. வழிந்த உப்புநீரை மண் திரும்ப உறிஞ்சுவதுடன், தேங்கிய நீரில் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் நுளம்பும் பெருகும்.

மேற்போர்வையாக மூன்று விரல் தடிப்புக்கு வைக்கோலோ காய்ந்த இலையோ இடுக, அடிமரத்தைத் தொடாதிருக்கட்டும்.

பசளை

சாடிக்குப் பசளை சிறிதாகவும் அடிக்கடியும் இடப்படல் வேண்டும். ஒரு தேக்கரண்டி யூரியாவைப் பத்து இலீற்றர் நீரிற் கரைத்து, மண் ஈரமாயிருக்கும்போது மாதமொருமுறை ஊற்றலாம். உவர் உள்ள இடத்தில் மியூரியேற்றுப் பொட்டாசு வேண்டாம். அதிலுள்ள குளோரைட்டு இருக்கும் துன்பத்தைக் கூட்டும். பொட்டாசியம் சல்பேற்று ஏற்றது. ஆண்டுக்கிருமுறை மேல்மண்ணை இரண்டங்குலம் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிய கூட்டெரு இடுதல், எந்தப் பசளைப் பையிலும் கிடைக்காத நன்மையைத் தரும். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாய் நிற்பின் அது பெரும்பாலும் சுண்ணாம்பினால் வந்த இரும்புக் குறையே; யூரியாவைக் கூட்டுதல் மருந்தாகாது.

கவாத்தும் காயும்

முதலாண்டிற் பூத்த பூவைக் கிள்ளிவிடல் வேண்டும். இதற்கு மனம் ஒருப்படுவோர் சிலரே. ஆயினும் வேரூன்றாத கன்று ஐந்து காயைச் சுமந்து ஓராண்டு வளர்ச்சியை இழப்பதைக் காட்டிலும் அது இலாபம். மரத்தை ஓராள் உயரத்துக்கு மிஞ்ச விடாது, உட்பக்கம் குறுக்கிடும் கிளைகளைக் காய் பறித்தபின் நீக்குக.

மாதுளை முதிரும் காலத்தில் ஒருநாள் மறந்து மறுநாள் வெள்ளமாய் ஊற்றினால் பழம் வெடிக்கும். சீரான ஈரமே அதற்குக் காப்பு. காய் எலுமிச்சையளவு பருத்ததும் துணிப்பையாற் கட்டினாற் பழந்துளைக்கும் புழு அணுகாது. கொய்யாவைப் பழ ஈயினின்றும் காப்பதும் இவ்வாறே. தேசியின் இளந்தளிரைத் தின்னும் வண்ணத்துப்பூச்சிப் புழு, இளமையிற் பறவை எச்சம்போலத் தோன்றுவதாற் கண்ணுக்குத் தப்பும். ஒரு சிறு மரத்தை நான்கு புழுக்கள் இரண்டொரு நாளில் மொட்டையாக்கிவிடும். மருந்து தேடவேண்டியதில்லை, காலையில் நீரூற்றும்போது இலையைத் திருப்பிப் பார்த்துப் பொறுக்குவது போதும்.

சாடி மாற்றல்

இரண்டு மூன்று ஆண்டுகளில் வேர் சாடியைச் சுற்றிப் பின்னிக்கொள்ளும். ஊற்றிய நீர் உடனே ஓடுவதும், வழக்கமான நீர் போதாமற் போவதும், புதுத்தளிர் சிறுப்பதும் அதன் குறிகளாம். மழை தொடங்கிய ஐப்பசியில், மாலைவேளையில், சாடியைச் சரித்து மரத்தை வெளியே எடுக்க இருவர் வேண்டும். வேர்க்கட்டியின் பக்கத்திலும் அடியிலும் மூன்று விரல் தடிப்பைக் கூரிய கத்தியாற் சீவி, சுற்றிய வேர்களை அறுத்து, புதிய கலவையோடு அதே சாடியில் திரும்ப வைக்கலாம். வேரில் எவ்வளவு குறைத்தோமோ அவ்வளவுக்குக் கிளையிலும் குறைத்தல் வேண்டும். பத்து நாட்களுக்கு நிழலிடுக. புதுத்தளிர் விடும்வரை பசளை ஊற்ற வேண்டாம்.